கரண்ட் போனதும் சிஸ்டம் கோப்புகள் கெடுவது: ஜர்னல் இருந்தால் போதுமா?

கேள்வி, 2024 பிப்ரவரி 3

லினக்ஸின் எக்ஸ்ட்4, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்ற இரண்டு ஃபைல் சிஸ்டங்களிலும் ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு, இருக்கிறது. கரண்ட் பட்டென்று போனாலும் அடுத்த தடவை பூட் ஆகும்போது ஜர்னலைப் படித்துத் தானாகவே சரிசெய்துகொள்கிறது. அப்படியிருக்க யு.பி.எஸ். வாங்கு, ரூட்டை (சிஸ்டம் இருக்கும் பகுதியை) படிக்க மட்டும் முடிகிற ரீட்-ஒன்லி ஆக்கு என்றெல்லாம் ஏன் சொல்கிறார்கள்? இது ஜர்னல் இல்லாத பழைய ஃபேட் ஃபைல் சிஸ்டம் காலத்துப் பயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

இல்லை என்பவன் நான். ஐந்து நாள் முன்னால் பட்டது இன்னும் ஆறவில்லை.

வெப்பநிலையும் ஈரப்பதமும் நிமிடத்துக்கு ஒரு தடவை பதிவு செய்யும் ஒற்றைப் பலகைக் கணினி ஒன்று வைத்திருக்கிறேன். எஸ்டி கார்டில் லினக்ஸ், எக்ஸ்ட்4. கரண்ட் போய் வந்தது. திரையை மாட்டிப் பார்த்தால் ஜர்னல் ஓடி முடிந்துவிட்டது, ஃபைல் சிஸ்டம் சுத்தம் என்கிறது. ஆனால் நெட்வொர்க் எழும்பவில்லை. காரணம், நெட்வொர்க் அமைப்புக் கோப்பு பூஜ்யம் பைட். பெயர் இருக்கிறது, உரிமையாளர் இருக்கிறது, தேதி இருக்கிறது, உள்ளே ஒரு எழுத்து இல்லை.

ஜர்னல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது காப்பாற்றுவது கோப்பைப் பற்றிய விவரங்களை: எந்தப் பெயர், எந்த டைரக்டரி, எந்தெந்த பிளாக் (டிஸ்கின் சிறு துண்டு) யாருக்குச் சொந்தம். கோப்புக்குள் இருப்பதை அது எழுதி வைப்பதில்லை. எக்ஸ்ட்4 சாதாரணமாக ஓடும் ஆர்டர்டு முறையிலும் அப்படித்தான், என்டிஎஃப்எஸ்ஸிலும் அப்படித்தான். ஃபைல் சிஸ்டம் சரியாக இருக்கிறது என்பதும் உங்கள் கோப்பு சரியாக இருக்கிறது என்பதும் இரண்டு வேறு சங்கதிகள். நீங்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். போன மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 4

“எழுதி முடித்துவிட்டேன் என்று புரோகிராம் சொன்ன பிறகும் எப்படிக் காணாமல் போகும்” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

புரோகிராம் எழுதுவது முதலில் ராமுக்குப் போகிறது. லினக்ஸில் அதற்குப் பேஜ் கேஷ் என்று பெயர். அங்கிருந்து டிஸ்குக்குத் தள்ளும் வேலையைக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தன் வசதிப்படி செய்கிறது. வழக்கமான அமைப்பில் 5 விநாடிக்கு ஒரு தடவை எழுந்து பார்க்கும், 30 விநாடி பழையதான பக்கங்களை எழுதும். எக்ஸ்ட்4 ஜர்னல் தனியாக 5 விநாடிக்கு ஒரு தடவை கமிட் செய்கிறது, அதாவது குறித்ததை டிஸ்கில் உறுதியாகப் பதிகிறது. இவ்வளவும் தாண்டி டிஸ்குக்குப் போனால் அங்கே இன்னொரு கேஷ், டிஸ்க்குக்கு உள்ளேயே இருக்கும் ராம். அதிலிருந்து தட்டுக்கோ ஃபிளாஷ் செல்லுக்கோ இறங்கினால்தான் எழுதியதாகக் கணக்கு. நடுவில் எந்த இடத்தில் கரண்ட் போனாலும் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது போச்சு.

இதில் இழப்பு ஒரு பக்கம். அதைவிட என்னைப் பயமுறுத்துவது வரிசை மாறுவது. நீங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினாலும் டிஸ்க் தன் வசதிக்கு மூன்று, ஒன்று என்று இறக்கலாம். மூன்றாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை என்ற நிலையில் கரண்ட் போனால், எந்தப் புரோகிராமரும் கற்பனை செய்யாத ஒரு நிலையில் அந்தக் கோப்பு மாட்டிக்கொண்டிருக்கும். இந்த வரிசையைக் காக்கத்தான் பேரியர் என்ற ஏற்பாடு. எக்ஸ்ட்4இல் அது தானாகவே இயங்கும். வேகம் வேண்டும் என்று அதை அணைக்கச் சொல்லும் குறிப்புகளை நம்பி அணைக்காதீர்கள்.

பிப்ரவரி 6

என் பூஜ்யம் பைட் கோப்புக்குக் காரணம் டிலேய்டு அலகேஷன் என்றுதான் இரண்டு நாளாக நம்பிக்கொண்டிருந்தேன். அது என்ன என்பவர்களுக்கு: எக்ஸ்ட்4 தரவுக்கு டிஸ்கில் இடம் ஒதுக்குவதைக் கடைசி நேரம் வரை தள்ளிப் போடும். 2008 டிசம்பரில் லினக்ஸ் 2.6.28இல் எக்ஸ்ட்4 நிலைத்ததாக அறிவிக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களிலேயே கரண்ட் போனாலோ கணினி உறைந்தாலோ அமைப்புக் கோப்புகள் எல்லாம் பூஜ்யம் பைட் ஆகின்றன என்று பெரிய சண்டை வந்தது. எக்ஸ்ட்4ஐப் பராமரித்த தியோடர் சோ, புரோகிராம்கள் எஃப்சிங்க் (இந்தக் கோப்பை இப்போதே டிஸ்கில் இறக்கு என்ற அழைப்பு) கூப்பிடாததுதான் தவறு என்று வாதாடினார். ஆனால் அதோடு நிற்காமல், பழைய கோப்பை மாற்றி எழுதும் வழக்கமான இரண்டு முறைகளைக் கெர்னலே அடையாளம் கண்டு உடனே இடம் ஒதுக்கும்படி திருத்தமும் செய்தார். 2.6.30இல் அது வந்துவிட்டது. என்னிடம் இருப்பது அதற்கு எவ்வளவோ பின்னால் வந்த கெர்னல்.

அப்படியானால் என் கோப்பு எப்படிக் காலியானது? இதை இன்னும் தோண்ட வேண்டும்.

பிப்ரவரி 7

தோண்டிவிட்டேன். முந்தைய குறிப்பில் எக்ஸ்ட்4 மேல் போட்ட சந்தேகத்தைத் திரும்பப் பெறுகிறேன். தவறு நான் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டில்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடி, ஒரு கட்டளையின் வெளியீட்டை நேரடியாக அந்த அமைப்புக் கோப்புக்குத் திருப்பிவிடும் ஒரு வரி அதில் இருந்தது. திருப்பிவிடும் அம்புக்குறியைப் பார்த்ததும் ஷெல் முதலில் செய்வது கோப்பை வெட்டிக் காலியாக்குவது. அதற்கு அப்புறம்தான் கட்டளையே ஓடத் தொடங்கும். என் கட்டளை நெட்வொர்க்கில் இன்னொரு இயந்திரத்திடம் கேட்டு பதில் வாங்குவது, சில நேரம் 10, 15 விநாடி எடுக்கும். 5 விநாடியில் ஜர்னல் கமிட் ஆகிவிடுகிறது. அதாவது “கோப்பு காலி” என்பது பத்திரமாக, முறையாக, எந்தக் குறையும் இல்லாமல் டிஸ்கில் பதிவாகிவிட்டது. புதிய உள்ளடக்கம் வருவதற்குள் கரண்ட் போனது. ஜர்னல் எனக்கு நான் கேட்டதையே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

உங்கள் ஸ்கிரிப்ட்களில் இந்த அம்புக்குறி ஏதாவது முக்கியமான கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். என்னிடம் நான்கு இருந்தன.

பிப்ரவரி 11

சரி, எப்படி எழுதினால் கெடாது? பழைய கோப்பைத் தொடவே கூடாது. இதுதான் முழு விஷயமும்.

அதே டைரக்டரியில் வேறு பெயரில் புதிய கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். முழுவதும் எழுதுங்கள். எஃப்சிங்க் கூப்பிட்டு, அது வெற்றி என்று சொல்லும் வரை காத்திருங்கள். அப்புறம் ரீநேம் செய்து பழைய பெயரின் மேல் வையுங்கள். கடைசியாக அந்த டைரக்டரிக்கும் ஒரு எஃப்சிங்க். ரீநேம் என்பது பிளக்க முடியாத ஒரே செயல்: கரண்ட் எந்தக் கணத்தில் போனாலும் அந்தப் பெயரில் ஒன்று முழுப் பழையது இருக்கும் அல்லது முழுப் புதியது இருக்கும், பாதி என்பது கிடையாது. அதே டைரக்டரி என்று சொல்வதற்குக் காரணம், ரீநேம் ஒரு ஃபைல் சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டாது. தற்காலிக டைரக்டரியில் எழுதி அங்கிருந்து நகர்த்தினால், அது வேறு பார்ட்டிஷனாக இருக்கும்பட்சத்தில், நகர்த்தும் கட்டளை சத்தமில்லாமல் காப்பி அடித்துவிட்டு மூலத்தை அழிக்கும். காப்பி அடிப்பதில் பாதி என்பது உண்டு.

இந்த முறையில் ஒரு இடைஞ்சல்: அந்தப் பெயர் ஒரு சிம்பாலிக் லிங்க்காக (வேறொரு கோப்பைச் சுட்டும் பெயராக) இருந்தால் லிங்க்கே போய் அதன் இடத்தில் சாதாரணக் கோப்பு உட்கார்ந்துவிடும். உரிமைகளையும் நீங்களே திரும்ப வைக்க வேண்டும். நான் முதல் தடவை செய்தபோது உரிமையை மறந்து, சேவை ஒன்று கோப்பைப் படிக்க முடியாமல் நின்றது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது போனது.

டெபியன் லினக்ஸில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி இதே முறையில்தான் ஒவ்வொரு கோப்பையும் மாற்றுகிறது. பேக்கேஜ் நிறுவும்போது எஸ்டி கார்டில் அது ஊர்ந்து போவதாகத் தெரிவதற்கு இந்த எஃப்சிங்க்குகளும் ஒரு காரணம். வேகம் வேண்டுமென்று அதை முடக்கும் வழிகள் உண்டு. சோதனைக்காக உருவாக்கித் தூக்கி எறியும் கன்டெய்னரில் செய்யலாம், நிஜ இயந்திரத்தில் வேண்டாம்.

பிப்ரவரி 12

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. அங்கே எஃப்சிங்க் தரவை டிஸ்க் வரை கொண்டுபோகும், டிஸ்க்கின் உள் கேஷைக் காலி செய்யச் சொல்லாது. அதற்கு எஃப் ஃபுல் எஃப்சிங்க் என்ற தனி அழைப்பு இருக்கிறது.

பிப்ரவரி 20

யு.பி.எஸ். பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், “அதை வாங்கினால் இந்தப் பேச்சே தேவையில்லையே” என்று.

என்னிடம் இருந்தது. கணினி மேசைக்குக் கீழே நான்கு வருடமாகப் பச்சை விளக்கோடு இருந்தது. ஒரு நாள் கரண்ட் போனது, “பீப்” என்று ஒரு சத்தம், அதோடு எல்லாம் அணைந்தது. ஈய-அமில பேட்டரி மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் தளர்ந்துவிடும், வெப்பமான இடத்தில் இன்னும் சீக்கிரம். சுவர் மின்சாரத்தில் ஓடும்போது அது உங்களுக்குத் தெரியாது. சுமையோடு பிளக்கைப் பிடுங்கிப் பார்க்காத யு.பி.எஸ்ஸுக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது.

இன்னொன்று, யு.பி.எஸ். கரண்ட் போவதைத் தள்ளிப் போடுகிறது, அவ்வளவுதான். பேட்டரி தீரும்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தால் அதே திடீர் மரணம், அரை மணி தாமதமாக. யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, பேட்டரி குறைந்தால் முறையாக ஷட்டவுன் செய்யும் மென்பொருளை ஓட வைக்க வேண்டும். நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ் இலவசம், பல இயந்திரங்களை ஒரே யு.பி.எஸ்ஸோடு சேர்த்து அணைக்கவும் தெரியும். அந்தக் கம்பி பெட்டியிலேயே கிடக்கும் யு.பி.எஸ்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

மாறும் நேரத்தில் கணினி ரீசெட் ஆகுமா என்ற கேள்விக்கு: மேசைக் கணினியின் ஏடிஎக்ஸ் பவர் சப்ளை, உள்ளே வரும் மின்சாரம் நின்ற பிறகும் முழுச் சுமையில் 12 மில்லி விநாடியாவது தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது விதி. சாதாரண யு.பி.எஸ். 10 மில்லி விநாடிக்குள் மாறிவிடும். எனவே பொதுவாகத் தாங்கும். பழைய, கெப்பாசிட்டர் தளர்ந்த பவர் சப்ளை என்றால் தாங்காது.

காலில் கம்பி இடறுவதற்கும், பவர் சப்ளையே செத்துப்போவதற்கும், பொறுமை இழந்து யாரோ பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதற்கும் யு.பி.எஸ். பதில் சொல்லாது. வாங்குங்கள், நானும் புது பேட்டரி போட்டுவிட்டேன். ஆனால் அதை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது.

மார்ச் 2

ஃபைல் சிஸ்டத்தை டேட்டா ஜர்னல் முறையில் மவுண்ட் செய்தால் (கணினியோடு இணைத்தால்) உள்ளடக்கமும் ஜர்னலில் போகுமே என்று ஒருவர் சரியாகவே சொன்னார். போகும். எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுதும், டிலேய்டு அலகேஷனும் நின்றுவிடும். ஆனால் என் ஸ்கிரிப்ட் செய்தது போலக் கோப்பைக் காலியாக்கிவிட்டுக் காத்திருந்தால் இதிலும் காலிதான் மிஞ்சும். எந்த இரண்டு எழுதும் வேலைகள் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று ஃபைல் சிஸ்டத்துக்கு யார் சொல்வது?

நான் வேறொன்று முயன்றேன். முழு ரூட்டையும் சிங்க் என்ற விருப்பத்தோடு மவுண்ட் செய்தேன், எழுதுவதெல்லாம் உடனே கார்டில் இறங்கட்டும் என்று. மூன்று நாள் ஓடியது. எல்லாம் களிமண்ணில் நடப்பது போல மெதுவாகிவிட்டது. ஃபிளாஷில் 100 பைட் எழுதினாலும் உள்ளே அதைவிடப் பல மடங்கு பெரிய பிளாக் ஒன்றை அழித்து எழுத வேண்டியிருக்கும். சின்னச் சின்னதாக அடிக்கடி எழுதினால் கார்டின் ஆயுள்தான் குறையும். அதைவிட முக்கியமாக, கார்டு எழுதிக்கொண்டே இருக்கும் நேரம் கூடுகிறது, எனவே கரண்ட் போகும் கணத்தில் அது எழுதுவதன் நடுவில் இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. நான் நினைத்ததற்கு நேர் எதிர். எடுத்துவிட்டேன்.

மார்ச் 9

மேலே கடைசியாகச் சொன்னது ஒரு வாரமாக மண்டையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபைல் சிஸ்டம் எவ்வளவு கவனமாக எழுதினாலும், அடியில் இருக்கும் பொருள் வாக்கைக் காப்பாற்றவில்லை என்றால்?

2013இல் யூஸ்னிக்ஸ் நடத்தும், கோப்புச் சேமிப்பு ஆய்வுகளுக்கான ஃபாஸ்ட் மாநாட்டில் ஒரு ஆய்வு வந்தது. 5 உற்பத்தியாளர்களின் 15 எஸ்எஸ்டிகளை எடுத்து, எழுதும்போதே கரண்ட்டைப் பிடுங்கிப் பார்த்தார்கள். 13இல் ஏதாவது ஒரு வகைக் கோளாறு: பிட்டுகள் மாறியது, எழுதியது பாதியில் நின்றது, வரிசை குலைந்தது, ஒன்று மொத்தமாகச் செத்தே போனது. அன்றைய எஸ்எஸ்டிகள் அவை, இன்றைக்கும் அதே கணக்கு என்று சொல்ல வரவில்லை. ஆனால் காரணம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. எஸ்எஸ்டிக்குள் எந்தத் தரவு எந்தச் செல்லில் என்று ஒரு வரைபடம் உண்டு. அதுவும் மாறிக்கொண்டே இருக்கும், அதையும் எழுதிவைக்க வேண்டும். அது பாதியில் நின்றால் ஒரு கோப்போடு போகாது.

ஒரு செல்லில் இரண்டு பிட் வைக்கும் ஃபிளாஷில் இன்னொரு ஆபத்து. முதல் பிட்டை நேற்றே எழுதி முடித்திருப்பீர்கள், எஃப்சிங்க்கும் வெற்றி என்று சொல்லியிருக்கும். இன்றைக்கு அதே செல்லின் இரண்டாவது பிட்டை எழுதும்போது கரண்ட் போனால் நேற்றைய முதல் பிட்டும் கலங்கிவிடலாம். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நீங்கள் தொடாத கோப்பும் கெடலாம் என்பதுதானே இதன் பொருள்!

சர்வருக்கென்று விற்கும் எஸ்எஸ்டிகளில் பவர் லாஸ் புரொடெக்‌ஷன் என்று கெப்பாசிட்டர் வரிசை இருக்கும், கையில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்சாரம் சேர்த்து வைத்திருக்கும். எஸ்டி கார்டில் அதற்கு இடமே கிடையாது.

மார்ச் 17

எனவே முடிவு: சிஸ்டம் இருக்கும் கார்டில் எதுவும் எழுதவே கூடாது.

ஓவர்லே முறைக்கு மாறிவிட்டேன். ரூட் ரீட்-ஒன்லியாக அடியில் இருக்கும், அதன் மேல் ராமில் ஒரு அடுக்கு. புரோகிராம்கள் எழுதுவதெல்லாம் அந்த மேல் அடுக்குக்குப் போகும், கரண்ட் போனால் மேல் அடுக்கு மறையும், அடியில் இருப்பது நிறுவிய அன்று இருந்தது போலவே இருக்கும். ஓவர்லே எஃப்எஸ் 2014இல் லினக்ஸ் 3.18இலேயே கெர்னலுக்குள் வந்துவிட்டது. ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு அதன் அமைப்பு மெனுவிலேயே இது இருக்கிறது, பூட் பார்ட்டிஷனையும் ரீட்-ஒன்லி ஆக்கவா என்று கூடவே கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். அந்த பூட் பார்ட்டிஷன் ஃபேட், அதற்கு ஜர்னல் கிடையாது, அது கெட்டால் மேலே எவ்வளவு பாதுகாப்பு இருந்தும் கணினி எழும்பாது. மேசைக் கணினிகளில் யுஇஎஃப்ஐ பூட் பார்ட்டிஷனும் ஃபேட்தான்.

தரவு தனி பார்ட்டிஷனில் என்று முதலில் நினைத்தேன். அதே கார்டில் இன்னொரு பார்ட்டிஷன். மார்ச் 9 குறிப்பை நானே திரும்பப் படித்தபோது அது போதாது என்று புரிந்தது. பார்ட்டிஷன் என்பது நமக்குத் தெரியும் கோடு, கார்டின் கண்ட்ரோலருக்கு அது தெரியாது. செல்கள் சமமாகத் தேயட்டும் என்று அது சிஸ்டம் பிளாக்குகளையும் தரவு பிளாக்குகளையும் தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றிக்கொண்டிருக்கும். எனவே தரவுக்குத் தனி யுஎஸ்பி டிரைவ். கெட்டால் அது கெடட்டும், கணினியாவது எழுந்து நெட்வொர்க்கில் வந்து எனக்குச் சொல்லும்.

ஏப்ரல் 8

ஓவர்லே போட்டு 19ஆம் நாள் கணினி உறைந்தது. இதற்கும் கரண்டுக்கும் சம்பந்தமில்லை. லாக் எல்லாம் ராம் அடுக்கில் எழுதிக்கொண்டே போய் நினைவகம் நிரம்பிவிட்டது. லாக் எழுதும் ஜர்னல்டி சேவையை வோலடைல் (ராமில் மட்டும்) என்று மாற்றி, அதற்கு உச்ச அளவும் வைத்தேன். ஆனால் ராமில் இருக்கும் லாக், கரண்ட் போகும்போது, அதாவது நமக்கு மிகவும் தேவைப்படும் சமயத்தில், கூடவே போய்விடுகிறது. முக்கியமான வரிகளை மட்டும் நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்புகிறேன்.

அப்டேட் செய்வது தொல்லைதான், மறைக்கவில்லை. ஓவர்லேயை அணை, ரீபூட், அப்டேட், திரும்பப் போடு, ரீபூட். மாதம் ஒரு தடவை, யு.பி.எஸ். பேட்டரி நிரம்பியிருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்கிறேன். ஒரு வருடத்தில் கார்டில் எழுதப்படும் நேரம் மொத்தமாகவே சில மணிதான்.

ஏப்ரல் 9

அப்டேட் நடக்கும்போதே கரண்ட் போனால்? பெரிய பதில், இரண்டு ரூட் வைத்துக்கொள்வது. ஓடிக்கொண்டிருப்பது ஒன்று, அப்டேட் எழுதப்படுவது மற்றொன்று, முழுவதும் சரி என்று உறுதியான பிறகு எது பூட் ஆக வேண்டும் என்ற குறி மட்டும் மாறும். குரோம் ஓஎஸ் இப்படித்தான், ஆண்ட்ராய்டிலும் 7ஆம் பதிப்பிலிருந்து (2016) இந்த வசதி இருக்கிறது. நன்றாகப் பார்த்தால் பிப்ரவரி 11 குறிப்பில் சொன்ன ரீநேம்தான் இது, ஒரு கோப்புக்குப் பதில் முழு சிஸ்டத்துக்கும். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டங்கள் இரண்டும் இதே எண்ணத்தை ஒவ்வொரு பிளாக்குக்கும் செய்கின்றன: பழையதன் மேல் எழுதாதே, புதிய இடத்தில் எழுதிவிட்டுக் கடைசியில் வேரை மாற்று.

ஏப்ரல் 21

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், சுருக்கமாக.

என்டிஎஃப்எஸ் உங்கள் கோப்பின் அளவைச் சரியாகக் காட்டும், திறந்தால் உள்ளே முழுக்கப் பூஜ்யமாக இருக்கலாம், காரணம் மேலே சொன்னதுதான். டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்கின் பாலிசி பக்கத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கும். முதலாவது ரைட் கேஷிங், அது இருக்கட்டும். இரண்டாவது கேஷை டிஸ்கில் இறக்கும் கட்டளைகளையே நிறுத்துவது, அதை டிக் செய்யவே செய்யாதீர்கள். வெளியே மாட்டும் டிரைவ்களுக்கு விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து குயிக் ரிமூவல், அதாவது கேஷில் தேக்காமல் எழுதுவதுதான், இயல்பு.

ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் இடம்) தனக்கென்று லாக் கோப்புகள் வைத்திருக்கிறது, பெரும்பாலும் தானே மீண்டுவிடும். ஆனால் முன்பெல்லாம் ரெக்பேக் ஃபோல்டரில் தானாக விழுந்த ரெஜிஸ்ட்ரி காப்பி விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து விழுவதில்லை. அதை நம்பி யாராவது இருந்தால் போய்ப் பாருங்கள், கோப்புகள் பூஜ்யம் பைட்டாக இருக்கும். கெட்ட பிறகு செய்வது: முதலில் செக் டிஸ்க், அப்புறம் டிஸ்ம், அதன் பிறகு எஸ்எஃப்சி, மூன்றும் விண்டோஸோடு வரும் கட்டளைகள். எஸ்எஃப்சி நல்ல கோப்புகளை எடுப்பது ஒரு சேமிப்பிலிருந்து, அந்தச் சேமிப்பே கெட்டிருந்தால் டிஸ்ம்தான் அதைச் சரிசெய்ய வேண்டும், எனவே இந்த வரிசை. என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் யூனிஃபைடு ரைட் ஃபில்டர் இருக்கிறது, என் ஓவர்லே செய்வதையே அங்கே செய்யும்.

மே 5

இத்தனையும் செய்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிப் பார்க்காமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது. டைமர் பிளக் ஒன்றில் மாட்டி இரண்டு நாளில் 60 தடவை பிடுங்கினேன்.

சோதனை முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் வெறுமனே பிடுங்கி “எழுந்துவிட்டது” என்று பார்ப்பது சோதனையாகாது. கணினி ஒவ்வொரு விநாடியும் ஒரு எண்ணை எழுதி, எஃப்சிங்க் செய்து, அது வெற்றி என்ற பிறகே அந்த எண்ணை நெட்வொர்க்கில் இன்னொரு கணினிக்கு அனுப்பும். கரண்ட் வந்த பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். அங்கே 4,312 வந்து சேர்ந்திருக்கிறது, இங்கே டிரைவில் 4,310 வரைதான் இருக்கிறது என்றால் உங்கள் டிரைவ் எழுதாமலே எழுதினேன் என்கிறது. இதை வேறு எந்த வழியிலும் பிடிக்க முடியாது.

60இலும் சிஸ்டம் எழுந்தது. ஆனால் டிரைவ்? பழைய யுஎஸ்பி டிரைவ் 3 தடவை பொய் சொன்னது. அதைத் தூக்கிவிட்டு வேறொன்று போட்டுத் திரும்ப 60. அது சொல்லவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு தடவை தரவுக் கோப்பின் கடைசி வரி பாதியில் நின்றிருந்தது. அந்தப் பாதி வரியோடு அடுத்த வரி ஒட்டிக்கொண்டு, படிக்கும் புரோகிராம் 28 டிகிரியை 228 டிகிரி என்று எடுத்துக்கொண்டது. சொந்தமாக வரி எழுதுவதை அன்றே நிறுத்தி எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்கு மாற்றிவிட்டேன். 2010இல் 3.7.0 பதிப்பில் வந்த, மாற்றங்களை முதலில் தனி லாக்கில் எழுதும் வால் (WAL) முறையில் ஓடுகிறது. அதில் சின்க்ரனஸ் என்ற அமைப்பை நார்மல் என்று வைத்தால் கடைசிச் சில பதிவுகள் போகலாம், தரவுத்தளம் கெடாது. ஃபுல் என்று வைத்தால் கடைசியும் போகாது, டிரைவ் பொய் சொல்லாத வரை. நிமிடத்துக்கு ஒரு பதிவுதானே என்று ஃபுல் வைத்திருக்கிறேன்.

மே 6

நேற்றைய குறிப்பைப் பார்த்துவிட்டு ஹார்ட் டிஸ்க் வைத்த கணினியில் 60 தடவை பிடுங்கப் போவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம். ஒவ்வொரு தடவையும் தலைகள் அவசரமாக ஒதுங்குகின்றன, அந்த ஒதுங்கலுக்கு ஆயுள் கணக்கு உண்டு. ஒரு விர்ச்சுவல் மெஷினில் சோதியுங்கள். டிஸ்க்கின் பொய்யை அது காட்டாது, உங்கள் புரோகிராமின் தவறைக் காட்டும்.

மே 19

எஃப்சிங்க் தோல்வி என்று சொன்னால் திரும்பக் கூப்பிட்டால் போதும் என்று என் ஸ்கிரிப்டில் எழுதி வைத்திருந்தேன். அது தவறு. 2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் குழுவினர் கண்டுகொண்டது இது: லினக்ஸில் டிஸ்கில் எழுதுவது தோற்றால் கெர்னல் பிழையை ஒரு தடவை சொல்லிவிட்டு அந்தப் பக்கங்களைச் சுத்தம் என்று குறித்துவிடலாம். இரண்டாவது அழைப்பு வெற்றி என்று திரும்பும், தரவு எங்கேயும் இருக்காது. அவர்கள் செய்த மாற்றம், எஃப்சிங்க் தோற்றால் தரவுத்தளத்தையே நிறுத்திவிட்டு லாக்கிலிருந்து மீள்வது. நானும் தோல்வி என்றால் நிறுத்திவிட்டுச் செய்தி அனுப்பும்படி மாற்றிவிட்டேன்.

ஜூலை 22

நேற்றிரவு புயல் மழை. யு.பி.எஸ். ஒரு மணி நேரம் தாங்கி முறையாக அணைத்தது. அப்புறம் கரண்ட் வந்து வந்து போயிருக்கிறது, பேட்டரி ஏறுவதற்குள் நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்னக் கணினி எழுந்து, பதிவு செய்து, பட்டென்று செத்து, திரும்ப எழுந்திருக்கிறது. காலையில் பார்த்தேன். நெட்வொர்க் அமைப்புக் கோப்பு முழுதாக இருக்கிறது. தரவுத்தளத்தை எஸ்கியூலைட்டின் சோதனை சரி என்கிறது. இரவு 11:40இலிருந்து 4:15 வரை நடுநடுவே இடைவெளிகள், அவை கரண்ட் இல்லாத நேரங்கள்தான். அனுப்பிய கடைசி எண்களும் டிரைவில் இருக்கும் கடைசி எண்களும் நான்கு இடத்திலும் ஒன்றாகவே இருக்கின்றன.

ஜூலை 23

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, தன் கணினியில் பூஜ்யம் பைட் கோப்புகளைத் தேடிப் பார்த்ததாகவும் அமைப்பு டைரக்டரியில் பதினொன்று கிடைத்ததாகவும் எழுதியிருக்கிறார். பதறாதீர்கள், காலியாகவே வரும் கோப்புகளும் சில உண்டு. பேக்கேஜ் மேலாளரிடம் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) சரிபார்க்கச் சொல்லுங்கள், எவை உண்மையில் மாறியவை என்று அது காட்டும். எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லாதவற்றை அது பார்க்காது, அவற்றை மட்டும் இங்கே எழுதுங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.